மனநல நர்ஸ் ஆகணும்னா என்ன படிக்கணும்? அந்த வேலையில நோயாளிங்கள எப்படிப் பார்ப்பீங்க?

அக்கா, உங்க மக எஸ்.பி.எம். (அஞ்சாம் பாரத்துல எழுதுற பரீட்சை) முடிச்சிருக்கா, அமெரிக்காவுல சைக்கியாட்ரிக் நர்ஸ் ப்ராக்டிஷனர்னு ஒரு வேலை இருக்காம் அதுக்குத்தான் போவேன்னு நிக்கிறா, அது நம்ம மலேசியாவுல உண்டா, என்னதான் செய்வாங்கன்னு கேட்டிருந்தீங்க. நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவ, மனநல நர்ஸா இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

அமெரிக்காவுல மொதல்ல நர்சிங் டிகிரி, என்கிளெக்ஸ்னு நர்ஸ் லைசன்ஸ் பரீட்சை, அப்புறம் மனநலத்துல மாஸ்டர்ஸ் இல்லன்னா டாக்டரேட். அந்தப் படிப்புக்குள்ளயே பல நூறு மணி நேரம் மேற்பார்வையில நோயாளிங்கள பார்த்திருக்கணும், அதுக்கப்புறம் தனியா ஒரு சர்டிபிகேட் பரீட்சை. பாஸ் பண்ணிட்டா என்ன நோய்னு கண்டுபிடிக்கலாம், மருந்தும் எழுதலாம், பாதிக்கும் மேல மாநிலங்கள்ல டாக்டரோட மேற்பார்வைகூட வேணாம். இந்த நர்ஸ் ப்ராக்டிஷனர் வேலைக்கே ஆரம்பம் 1965-ல கொலராடோவுல, லொரெட்டா ஃபோர்டுங்கற நர்சும் ஹென்ரி சில்வர்ங்கற டாக்டரும் சேர்ந்து, டாக்டர் கிடைக்காத எடத்துல பிள்ளைங்கள பார்க்க நர்சுங்களுக்கு டிரெய்னிங் குடுத்தாங்க. இத படிச்சப்ப எனக்கு நம்ம தோட்டத்து டிரெஸ்ஸர், அதான் டாக்டருக்கு உதவியா இருந்த மருந்தக ஆளு, அவரு ஞாபகம்தான் வந்துச்சு, டாக்டர் எப்பவாவது வருவாரு, மத்த நாளெல்லாம் காய்ச்சல்ல இருந்து வெட்டுக்காயம் வரைக்கும் எல்லாம் அவரு கைதான்.

நம்ம நாட்டுல அந்த மாதிரி வேலை இல்ல, மருந்து எழுதுறது டாக்டர்தான். இங்க மூணு வருச டிப்ளமா, நர்சிங் போர்டுல பதிவு, கொஞ்ச வருசம் வார்டுல வேலை, அப்புறம் சைக்கியாட்ரிக்கு போஸ்ட் பேசிக்னு தனிப் பயிற்சி கோர்ஸ். நானும் அப்படித்தான் வந்தேன். நான் இந்தக் கோர்சுக்கு போறேன்னதும் எங்கம்மா ரெண்டு நாள் பேசல, ஏன்னா எங்களுக்கு தஞ்சோங் ரம்புத்தான்னாலே ஊர் பேரு இல்ல, திட்டுற வார்த்தை. 1911-லயே வந்த மனநல ஆஸ்பத்திரி இருக்குற எடம் அது, சின்னப் புள்ளையில சேட்டை பண்ணா அங்க கொண்டுபோய் விட்டுருவேன்னு மெரட்டுவாங்க. இன்னைக்கும் கிளினிக்குக்கு வர்ற குடும்பம் மொதல்ல கேக்குறது "மிஸ்ஸி (நர்ச இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க), அங்க அனுப்பிருவீங்களா"ன்னுதான், நோய் என்னன்னு அப்புறம்தான் கேப்பாங்க.

எப்படிப் பார்ப்பீங்கன்னு கேட்டதுக்கு ஒருத்தரப் பத்தி சொல்றேன், ஆளு யாருன்னு தெரியாத மாதிரி சிலத மாத்திட்டேன். முப்பது வயசு சொச்சம், செம்பனை (பாமாயில் மரம்) குலை வெட்டுறவரு, காதுல குரல் கேக்குது, மாசம் ஒரு ஊசி. நல்லாதான் இருந்தாரு, திடீர்னு ரெண்டு தடவை ஊசிக்கு வரல, பைல்ல "ஒத்துழைக்கவில்லை"ன்னு எழுதியாச்சு. எழுதுனது வேற யாரும் இல்ல, நான்தான். அப்புறம் ஒரு நாள் வீட்டுக்குப் போய்ப் பாத்தோம், அஞ்சடியில (வீட்டு முன் திண்ணை) உக்காந்து அவங்கம்மா குடுத்த தேத்தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஊசியப் பத்தி நான் வாயே தொறக்கல, வேலை எப்படிப் போகுது தம்பின்னு மட்டும் கேட்டேன். அப்பத்தான் சொன்னாரு, ஊசி போட்ட பத்து நாளைக்கு கை வெறைச்சுக்குது மிஸ்ஸி, நீளக் கம்புல கட்டுன அருவாளத் தூக்கி மேல பாத்து இழுக்க முடியல, வெட்டுற குலைக்குத்தான் கூலி, கை நடுங்குனா அந்த மாசம் வீட்டுல அரிசி இல்லன்னு. இதுல ஒத்துழைக்காம இருந்தது யாருக்கா, நாங்கதானே? அந்த மருந்துக்கு கை வெறைக்கும்னு எனக்குப் பாடத்துலயே தெரியும், ஆனா அவரு என்ன வேலை செய்றாருன்னு அத்தனை மாசத்துல நான் ஒரு தடவைகூட கேக்கல. டாக்டர்கிட்ட சொன்னேன், அளவக் கொறைச்சு, வெறைப்புக்கு ஒரு மாத்திரை சேர்த்துக் குடுத்தாரு, ஊசிக்கு மறுபடி வர ஆரம்பிச்சாரு.

அதுல இருந்து யாரு வந்தாலும் என் மொத கேள்வி தூக்கம், சாப்பாடு, வேலை. குரலப் பத்தி அப்புறம்தான். கையில கயிறு இருந்தா அவுக்கச் சொல்ல மாட்டேன், செய்வினைன்னு முனியாண்டி கோயிலுக்குப் போனோம்னு சொன்னா நல்லதும்மா சாமி கும்புடுங்க, ஊசியும் போட்டுக்கலாம்னுதான் சொல்லுவேன். கோயிலக் கேலி பண்ணா அந்தம்மா அடுத்த தடவை புள்ளைய கூட்டிட்டு வராது, நஷ்டம் அந்தப் புள்ளைக்கு.

இன்னொன்னு, சாகணும்னு தோணுதான்னு நேரா கேட்டுருவேன். கேட்டா அந்த நெனப்பு வந்துரும்னு நம்ம சனங்க பயப்படுறாங்க, அப்படி வராது, கேக்க ஒருத்தர் இருக்காங்கன்னுதான் அழுவாங்க. முந்தி தற்கொலைக்கு முயற்சி பண்றதே தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவுல குத்தம், ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், அதனால வழுக்கி விழுந்துட்டாரு, மருந்த மாத்திக் குடிச்சுட்டாருன்னு குடும்பமே மறைக்கும், நாங்க என்னத்துக்கு வைத்தியம் பாக்குறோம்னே புரியாது. 2023-ல அந்தப் பிரிவ எடுத்துட்டாங்க. அதுக்கப்புறமும் போலீஸ் வருமான்னு கேக்குறவங்க இருக்காங்க, வராதுன்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.

மகளுக்கு எஸ்.பி.எம்.ல பாசா மலேசியா (மலாய் மொழி), கணக்கு, சயின்ஸ்ல கிரெடிட் (நல்ல தேர்ச்சி) இருக்கான்னு மொதல்ல பாருங்க, டிப்ளமாவுக்கு அது வேணும். அமெரிக்கா ஆசைய இப்பவே வெட்டி விடாதீங்க, டிப்ளமாவ பின்னால டிகிரியா ஏத்திக்கிட்டு என்கிளெக்ஸ் எழுதலாம், நாள் புடிக்கும், செலவும் ஆகும். ஆனா சைக்கியாட்ரி வார்டு புடிக்குமான்னு தெரிய அமெரிக்கா போக வேண்டாம், டிப்ளமாவுலயே சைக்கியாட்ரி வார்டுல பயிற்சிக்குப் போடுற போஸ்டிங் வரும், அந்த வாரங்கள்ல அவ வீட்டுக்கு வந்து என்ன பேசுறான்னு கேளுங்கக்கா.