புது பார்ட் போட்டேன், டிஸ்ப்ளே வரல: கேள்வி-பதில்

ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன், ஃபேன்லாம் சுத்துது, மானிட்டர்ல 'நோ சிக்னல்'. (அல்சூர், பெங்களூரு)

எச்டிஎம்ஐ கேபிள் எங்க சொருகியிருக்கு? பின்னாடி மேல, யூஎஸ்பி பக்கத்துல இருக்குறது மதர்போர்டோடது. கீழ படுக்கையா இருக்குறதுதான் கார்டோடது. மாத்துங்க. கார்டுக்கு 8 பின் பவர் குடுத்தீங்களான்னும் பாருங்க.

பழைய கார்டு போயிடுச்சுன்னு கழட்டிட்டு கேபிளை போர்டுல சொருகினேன், அதுலயும் வரல. ப்ராசசர் ஐ5 12400எஃப்.

கடைசில இருக்குற அந்த எஃப்தான் பதில். உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன்லயும் 5600ல இல்ல, 5600ஜில உண்டு.

பி450 போர்டுல ரைசன் 5600 மாத்தினேன், டிஸ்ப்ளே இல்ல. எஸ்பி ரோடுல ஒரு கடையில போர்டு டெட், புதுசு வாங்குன்னாங்க.

வாங்காதீங்க. போர்டு 2018 மாடல், 5000 சீரிஸ் வந்தது 2020 கடைசில, பழைய பயாஸுக்கு (ஆன் பண்ணதும் போர்டுல முதல்ல ஓடுற சாஃப்ட்வேர்) இந்த ப்ராசசர் யாருன்னே தெரியாது. ப்ளக்கைப் பிடுங்கிட்டு பழைய ப்ராசசரைத் திரும்பப் போட்டு, பயாஸ் அப்டேட் பண்ணிட்டு அப்புறம் மாத்துங்க. யூபிஎஸ் இல்லாம பண்ணாதீங்க, சாயங்கால மழைக்கே கரண்ட் போற ஊரு இது.

650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) புதுசு போட்டேன். பழசோட மாடுலர் கேபிள் (ரெண்டு முனையும் கழட்டுற மாதிரி) நீட்டா கட்டியிருந்ததால அதையே புதுசுல சொருகிட்டேன். ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகுது. (பானஸ்வாடி)

அய்யோ. முதல்ல ப்ளக்கைப் பிடுங்குங்க, மிச்சத்தை அப்புறம் படிங்க.

எத்தனை தடவை எழுதிட்டேன், கேபிளோட போர்டு பக்க முனைதான் எல்லாத்துக்கும் ஒண்ணு, எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு எந்தப் பொது அளவும் கிடையாது, கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் மாறும், ஆனா சொருகினா டக்குனு போய் உக்காந்துக்கும், அதான் ஆபத்தே. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில 12 வோல்ட் போனா எஸ்எஸ்டி என்ன ஆகும்? நானே பண்ணியிருக்கேன் இந்த வேலையை. ஒரே சாயங்காலம் ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஆன் பண்ணி ரெண்டு செகண்ட்ல மீன் கருகின மாதிரி ஒரு வாடை, ஒண்ணுல பொண்ணோட அஞ்சு வருஷ போட்டோ. கேபிள் அவிழ்க்க சோம்பேறித்தனப்பட்டு வந்த வினை.

புது டப்பாவுல வந்த கேபிளை மட்டும் எடுங்க. முதல்ல போர்டுக்கும் ப்ராசசருக்கும், டிஸ்ப்ளே கார்டுலேர்ந்துதான்னா கார்டுக்கும் குடுத்து ஆன் பண்ணிப் பாருங்க, டிஸ்ப்ளே வந்தா ஒவ்வொண்ணா சேருங்க, ஒவ்வொரு தடவையும் ப்ளக்கைப் பிடுங்கிட்டு. ஹார்ட் டிஸ்க் செத்திருந்தா திரும்பத் திரும்ப கரண்ட் குடுக்காதீங்க, பெரும்பாலும் அடியில இருக்குற சர்க்யூட்தான் போயிருக்கும், டேட்டா எடுத்துக் குடுக்குறவங்க இருக்காங்க. பழைய கேபிளைத் தயவுசெஞ்சு தூக்கிப் போடுங்க, பரண்ல வெச்சா உங்க தம்பி எடுத்து சொருகுவான்.

ரைசன் 7600, புது டிடிஆர்5 ரேம். ஒரு நிமிஷம் கறுப்புதான், ஆறு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்.

அதான் தப்பு. போர்டு புது ரேமைப் பழகிக்க முதல் தடவை அஞ்சு நிமிஷம், சிலதுக்கு பத்து நிமிஷம்கூட ஆகும், நடுவுல ஆஃப் பண்ணா மறுபடி முதல்லேர்ந்து. ஸ்வல்ப வெயிட் பண்ணுங்க, ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. நாலு ஸ்லாட் போர்டுல ரெண்டு ரேம் ஸ்டிக்னா ப்ராசசர்லேர்ந்து எண்ணி 2, 4 ஸ்லாட்.

சார் டிஸ்ப்ளே வரல அர்ஜென்ட்.

எந்த போர்டு? என்ன மாத்துனீங்க? நான் என்ன கிளி ஜோசியமா பாக்குறேன்? இப்ப வர்ற நிறைய போர்டுல ஓரமா நாலு குட்டி லைட் இருக்கும்: சிபியூ (ப்ராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்குற டிஸ்க்). எது அணையாம நிக்குதுன்னு பார்த்துட்டு எழுதுங்க.

ரேம் பின்னை ரப்பரால தேய்க்கலாமா?

பழைய ரேம்னா கழட்டி வெச்சு மெதுவா தேய்க்கலாம், தூள் ஸ்லாட்ல விழாம. நீங்க போன வாரம் வாங்கினதுக்கு எதுக்குங்க ரப்பர்? கிளிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க, ப்ளக்கைப் பிடுங்கிட்டு.