ஆறு, ஏரிகளைக் கெடுக்கக்கூடிய வண்ண மீன்களை வீட்டில் வளர்க்கத் தடை போட வேண்டுமா?

விற்பதற்குத் தடை வேண்டும், வீட்டில் வைத்திருப்பதற்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஒன்றிரண்டு மீன்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். இந்தத் தப்பைச் செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது சென்னை கொளத்தூரில் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினேன். நாலு கோல்டு ஃபிஷ், ஆறு மாலி. காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது கடைக்காரர், "பாசி பிடிக்கும் தம்பி, ஒரு டேங்க் கிளீனர் போட்டுக்கோ" என்று விரல் நீளத்தில் ஒன்றைக் கவரில் கட்டிக் கொடுத்தார். முப்பது ரூபாய் என்று ஞாபகம். உடம்பெல்லாம் புள்ளி, வாய் அடிப்பக்கம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சொன்னபடியே பாசியைச் சுரண்டியது. அப்புறம் வளர ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் ஓர் அடியைத் தொட்டுவிட்டது. திரும்பினால் வால் கண்ணாடியில் இடிக்கும். பாசியைச் சீந்துவதில்லை. கோல்டு ஃபிஷ்ஷுக்குப் போட்ட தீனியைத் தின்றுவிட்டு, கயிறு கயிறாகக் கழிந்து வைக்கும். கடைசியில் அந்தத் தொட்டிக்கு நான்தான் கிளீனர்.

கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். வளர்ந்ததை யார் வாங்குவார்கள்? அம்மாவோ, "உசுரைக் கொன்னு பாவத்தைச் சேர்க்காதடா. ஏரியில விட்டுடு, எங்கயாவது பொழைச்சிக்கட்டும்" என்றார். பெயின்ட் வாளியில் தண்ணீர் பிடித்து, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போய் விட்டு வந்தேன். புண்ணியம் செய்ததாகத்தான் இருவரும் நினைத்தோம்.

ஐந்தாறு வருடம் கழித்து அதே ஏரிக்கரையில், தெர்மாகோல் மிதவையில் போய் வலை எடுத்து வந்த ஓர் அண்ணன் பிளேடால் வலைக்கண்ணை அறுத்துக்கொண்டிருந்தார். உள்ளே அதே புள்ளி மீன்கள். செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு, தொட்டால் அரம் மாதிரி இருக்கும். முதுகு முள்ளை விறைத்துக்கொண்டால் வலையை அறுக்காமல் மீனை எடுக்க முடியாது. அன்று ஒன்பது டேங்க் கிளீனர், நாலு ஜிலேபிக் கெண்டை. "இதை யாரும் வாங்க மாட்டான், பூனைகூட மோந்துட்டுப் போயிடும்" என்று கரையில் வீசினார். வெயில் ஏறும்வரை அவை வாயைத் திறந்து மூடிக்கொண்டே கிடந்தன. காற்றை விழுங்கி இரைப்பை வழியாகச் சுவாசிக்கக்கூடிய மீன் அது, லேசில் சாகாது. அந்த ஒன்பதும் என் மீனின் வாரிசுகளா என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னைப் போல் எத்தனை பேர் வாளியோடு வந்தார்களோ! அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

தென்னமெரிக்க மீன் அது. கரையில் பொந்து தோண்டி முட்டையிடும். அதனால் கரையும் சரியும். மெக்சிகோவில் இன்பியர்னியோ என்றொரு பெரிய அணை இருக்கிறது. ஜிலேபி பிடித்துப் பிழைத்த அங்கத்திய மீனவர்களின் வலையில் இதுவே வந்து குவிய ஆரம்பித்து, பிழைப்பே ஆட்டம் கண்டது.

அமெரிக்காவில் நடந்த இன்னொரு கதை, நம் விரால் சம்பந்தப்பட்டது. அங்கே மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் 2002-இல் சீன நாட்டு விரால் ஒன்று தூண்டிலில் சிக்கியது. விசாரித்தால், உடம்பு சரியில்லாத தங்கைக்கு சூப் வைக்க ஒருவர் நியூயார்க்கிலிருந்து இரண்டு விராலை உயிரோடு வரவழைத்திருக்கிறார். மீன் வந்து சேர்வதற்குள் தங்கைக்குக் குணமாகிவிட்டது. சரி, வளர்ப்போம் என்று தொட்டியில் விட்டார். தொட்டி பத்தவில்லை, குளத்தில் விட்டார். அரசு குளத்துக்கே மருந்தடித்தபோது ஆயிரத்துக்கும் மேல் குஞ்சுகள் கிடைத்தன. அந்த ஆண்டே நம் ஊர் விரால் உட்பட அந்தக் குடும்பம் முழுவதையும் உயிரோடு இறக்குமதி செய்யவும், மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவும் தடை வந்தது. ஆனால் 2004-இல் போடோமாக் ஆற்றில் வேறொரு விரால் கூட்டம் அகப்பட்டது. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

விராலைக் குளத்தில் விட்ட அந்த ஆளுக்கும் எனக்கும் வந்தது ஒரே கேள்விதான்: "இதை இப்ப என்ன பண்றது?" வைத்திருப்பதே குற்றம் என்று நாளைக்கு அறிவித்தால், அதே கேள்வி ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே ராத்திரியில் எழும். விடிவதற்குள் ஏரிக்கரையில் வாளிகள் வரிசை கட்டும்.

ஜப்பான் இதை யோசித்துச் செய்திருக்கிறது. அங்கே சிவப்புக் காது ஆமையையும் அமெரிக்க நன்னீர் இறாலையும் வீட்டுக்கு வீடு வளர்க்கிறார்கள். 2023 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, வீட்டில் இருப்பதை அப்படியே வளர்க்கலாம், அனுமதி தேவையில்லை. விற்கக் கூடாது, வெளியே விடக் கூடாது. முதலை மூஞ்சியோடு இருக்கும் அலிகேட்டர் கார் (gar) வகை மீன்களுக்கு மட்டும் 2018-லேயே முழுத் தடை. அதிலும் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நான் சொன்ன விதிவிலக்கும் இந்தக் கார் மீன் மாதிரியான பெரிய வேட்டை மீன்களுக்குத்தான். இவற்றை வீட்டில் வைத்திருக்கவும் தடை வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசானின் ராட்சத மீனான அராபைமாவும் இந்தக் கார் மீனும் வலையில் வந்தன. வளர்த்தவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும், வெள்ளம் வந்தால் மீன் போய்விடும். 2023 மே மாதம் ஸ்ரீநகர் தால் ஏரியில் களை எடுக்கும்போதும் ஒரு கார் மீன் கிடைத்தது. ஆறடிக்கு மேல் வளரும் மீனை ஃபிளாட்டில் வைத்துக்கொண்டு என்னதான் செய்யப் போகிறோம்?

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் சேர்த்த 62ஏ பிரிவின்படி, இந்த மாதிரி அயல் உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, கைவசம் வைத்திருப்பது எல்லாவற்றுக்கும் மத்திய அரசு தடை போடலாம். போடும்போது பட்டியல் சின்னதாகவும் அந்தந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். கப்பி என்ற குட்டி மீன் கனடாக் குளிரில் தாங்காது, இங்கே சாக்கடையில்கூடப் பெருகும். அந்தக் கப்பியைக் கொசு ஒழிக்கிறோம் என்று கிணறு கிணறாக விட்டது அரசுத் துறைகள்தான். 1952-இல் நாட்டுக்குள் வந்த ஜிலேபியையும் எந்தப் பொடியனும் வாளியில் கொண்டுவரவில்லை. வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கும் முன் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், விற்பனைத் தடை வரும்வரை விற்கும் இடத்தில் இரண்டே விஷயம் போதும். முழுசாக வளர்ந்தால் என்ன நீளம் என்று தொட்டிமேல் எழுதி வைக்க வேண்டும். விற்ற கடையே பெரிதானதைத் திருப்பி எடுக்க வேண்டும். இரண்டாவதைக் கட்டாயமாக்கினால் டேங்க் கிளீனரை எந்தக் கடைக்காரரும் தானாகவே விற்க மாட்டார் என்பது என் கணிப்பு.

இப்போதே உங்களிடம் ஒன்று இருந்தால், பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாராவது எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். யாருமே கிடைக்காவிட்டால், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் கிராம்பு எண்ணெயைக் கலக்கி அதில் விட்டால் மயங்கி, வலியில்லாமல் போய்ச் சேரும். இந்த மீன் என்பதால் அளவு தாராளமாக இருக்கட்டும், நேரமும் கூடவே கொடுங்கள். அசைவு நின்றுவிட்டது என்று உடனே எடுத்துவிடாதீர்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு ஏரியே தேவலாம்" என்கிறார் இன்னமும்.