பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு: புதியவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஜனவரியில் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள், தமிழகம் முழுக்கப் பறவைகளை எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இ-பேர்டு செயலியில் பதிகிறோம். 2015இல் தொடங்கிய வழக்கம் இது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்து ஏரிகளுக்கு முதல்முறை போகிறவர்கள் கேட்டவை கீழே.

கேள்வி (குரோம்பேட்டை): காக்கா, மைனா, கொக்கு தவிர பத்துப் பறவைகூட அடையாளம் தெரியாது. நான் வரலாமா அக்கா?

தாராளமாக வாருங்கள். உங்களுக்கு அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் பதிந்திருந்தால் அது முழுப் பட்டியல்தான். தெரியாததை விடுவது தப்பில்லை, தெரிந்ததை விடுவதுதான் தப்பு. “காக்காயைப் போய் யாராவது எழுதுவார்களா” என்று விட்டுவிட்டு நாரையை மட்டும் பதிகிறவர்கள் நிறைய. அந்தப் பட்டியலை வைத்துக் காகம் கூடியதா குறைந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் வேண்டும்.

கேள்வி (ஆவடி): பைனாகுலர் எது வாங்கலாம்?

8×42, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீட்டர். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், காட்சிப் பரப்பும் குறுகும். மதுராந்தகம் போன்ற பெரிய ஏரிக்கு முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி குழுவுக்கு ஒன்று இருந்தால் நல்லது. பைனாகுலரே இல்லாதவர்கள் ஊருக்குள், வயலோரம், பனைமரங்கள் பக்கம் எண்ணலாம். கரிச்சான், பனங்காடை, பஞ்சுருட்டான் எல்லாம் மின்கம்பியிலேயே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி (வேளச்சேரி): ஏரியில் எங்கே, எத்தனை மணிக்கு நிற்பது?

ஆறரை மணிக்குக் கரையில் இருங்கள். பனி மூட்டமாக இருந்தால் ஏழரை வரை தண்ணீர்ப் பறவைகளை விட்டுவிட்டுக் கரையோர மரங்களைப் பாருங்கள். நம் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கில்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். அதே கரையில் மாலை நான்கு மணிக்கு நின்றால் கண்ணெதிரே வெயில், எல்லாமே கறுப்பு உருவங்கள்தான். மாலையில் போவதானால் மேற்குப் பக்கம், நீர் வரும் ஓரமாகச் சுற்றி வாருங்கள். அந்தப் பக்கம் ஆழம் குறைவு, சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் அங்கேதான் மேயும்.

கேள்வி (தாம்பரம்): ஏரி முழுக்க வாத்து. எப்படி எண்ணுவது? நான் குத்துமதிப்பாக ஆயிரம் என்று போட்டேன்.

ஆயிரம், ஐந்நூறு என்று வட்டமாக வரும் எண்ணைக் கண்டாலே எனக்குச் சந்தேகம்தான். இப்படிச் செய்யுங்கள். கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று கண்ணில் வாங்குங்கள். அதேபோல ஐந்து மடங்கு, அது ஐம்பது. அந்த ஐம்பதை அளவாக வைத்துக் கூட்டத்தின் கடைசி வரை நகருங்கள். நெருக்கமாக இருக்கும் நடுப்பகுதியில் அளவை மறுபடி எடுக்க வேண்டும். ஓரத்து அளவையே நடுவிலும் வைத்தால் பாதிக்குப் பாதி குறைந்துவிடும்.

ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நீலச்சிறகியும் கலந்திருந்தால் முதலில் மொத்தத்தை எண்ணுங்கள். பிறகு கூட்டத்தில் மூன்று வெவ்வேறு இடங்களில் நூறு நூறாகப் பார்த்து, எந்த இனம் எத்தனை என்று விகிதம் பிடித்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் பார்த்து விகிதம் போடக் கூடாது, வாத்துகள் இனம் இனமாக ஒட்டிக்கொண்டுதான் மிதக்கும். நாமக்கோழியும் முக்குளிப்பானும் மூழ்கி மூழ்கி எழுவதால் இரண்டு முறை எண்ணிப் பெரிய எண்ணை வையுங்கள்.

சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் போதும், ஏரியே எழும்பிவிடும். அப்போது கணக்கைத் தொடராதீர்கள். எழும்பிய கூட்டத்தைப் போனில் படம் எடுத்து அப்புறம் திரையில் எண்ணலாம், அல்லது பத்து நிமிடம் பொறுத்து, அவை உட்கார்ந்தபின் முதலிலிருந்து தொடங்கலாம். சுத்தமாக எண்ண முடியாதபோது மட்டும், எண்ணுக்குப் பதிலாக ‘எக்ஸ்’ (பறவை இருந்தது, எண்ணவில்லை என்று பொருள்) போடுங்கள். சோம்பலுக்காகப் போடும் எக்ஸ் யாருக்கும் பயன்படாது.

கேள்வி (பெரம்பூர்): வெள்ளைக் கொக்குகளில் குழப்பம் தீரவே இல்லை மேடம்.

கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம்: சின்னக்கொக்கு. குட்டையான மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து, மாட்டுக்குப் பக்கத்தில்: உண்ணிக்கொக்கு. மஞ்சள் அலகோடு பெரிதாக இருந்தால் வாய்க்கோட்டை, அதாவது அலகின் பிளவு முகத்தில் எங்கே முடிகிறது என்று பாருங்கள். கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. தூரத்தில் எதுவுமே தெரியவில்லையா? இனம் குறிப்பிடாத கொக்கு என்று போடச் செயலியில் இடமிருக்கிறது, ஊகிக்க வேண்டாம்.

கேள்வி (அம்பத்தூர்): நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து போகிறோம். ஆளுக்கொரு பட்டியல் போடலாமா?

வேண்டாம். தனித்தனியாகப் போட்டால் ஏரியில் இருந்த 400 வாத்து கணக்கில் 2,000 ஆகிவிடும். ஒருவர் எழுதிப் பதிந்து, மற்ற நால்வருக்கும் செயலியிலேயே பகிரட்டும். அது ஒரே கணக்காக நிற்கும். போன வழியே திரும்பினால் வரும்போது புதிதாகத் தெரிந்தவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், தூரத்திலும் ஒருவழித் தூரத்தையே போடுங்கள்.

கேள்வி (போரூர்): கிராமத்தில் சிக்னல் கிடைக்காதே?

செயலி சிக்னல் இல்லாமலே ஓடும். பறவைப் பட்டியல் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், வீடு திரும்பிப் பதிவேற்றலாம். அதிகம் நடக்கும் தவறு வேறு: நடந்த தூரத்தைச் செயலி பதியும் நடைத்தடத்தை நிறுத்த மறந்து பைக்கில் ஏறி டீக்கடைக்குப் போய்விடுவார்கள், பட்டியலில் 14 கிலோமீட்டர் என்று விழும். ஒரு ஏரி முடிந்ததும் அந்தப் பட்டியலை மூடுங்கள், அடுத்த ஏரிக்குப் புதிது. ஒரு பட்டியலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடை போதும்.

கேள்வி (அடையாறு): மழை நன்றாகப் பெய்த வருடம் ஏரி நிரம்பி வாத்தே இல்லை. போவது வீண்தானே?

தண்ணீர் ஆழமாக நிற்கும்போது தலையை மட்டும் முக்கி மேயும் வாத்துகளும் சேற்றுப் பறவைகளும் பரவிப் போய்விடும். ஏரியில் அரை மணி நேரம் எண்ணிவிட்டு நெல் வயல்களுக்கு இறங்குங்கள். அறுவடையான வயலில் பொரி உள்ளான், கோரை உள்ளான், மஞ்சள் வாலாட்டி, நெட்டைக்காலி கிடைக்கும். வாத்தில்லாத பட்டியலையும் கட்டாயம் பதியுங்கள், வறண்ட வருடத்தோடு ஒப்பிட அதுதான் வேண்டும்.

கேள்வி (மயிலாப்பூர்): எந்த நாள் தோது?

போகி காலையில் சென்னைக்குள் புகை, கண்ணே எரியும். காணும் பொங்கலன்று வேடந்தாங்கலில் கால் வைக்க இடமிருக்காது. அன்று பேர் தெரியாத சின்ன ஏரியாகப் பாருங்கள். மாட்டுப் பொங்கலில் ஏரியில் மாடு குளிப்பாட்டுவார்கள், ஏழு மணிக்குள் முடித்துவிட்டால் இடைஞ்சல் இல்லை.

கேள்வி (திருவான்மியூர்): ஊர்க்காரர்கள் தடுப்பார்களா?

கரைக்கு ஏறும் முன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஏரியை அளக்க வந்தவர்கள் என்று நினைத்தால்தான் சிக்கல். எந்தப் பறவை எங்கே தங்கும் என்று அவர்களிடமே கேட்கலாம். பயிர் நிற்கும் வரப்பில் இறங்காதீர்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவது வேண்டவே வேண்டாம்.

கேள்வி (மடிப்பாக்கம்): நான் போட்ட எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. தப்பாகிவிட்டதா?

இல்லை. அந்த வட்டாரத்துக்கு வழக்கமில்லாத இனமோ எண்ணிக்கையோ வந்தால் சரிபார்ப்பவர் கேட்பார். எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள், எப்படி எண்ணினீர்கள் என்று குறிப்புப் பெட்டியில் இரண்டு வரி எழுதுங்கள், படம் இருந்தால் இணையுங்கள். உறுதியில்லை என்றால் இனத்தை மாற்றிவிடலாம், பட்டியல் அப்படியே இருக்கும்.