மகனுக்கு எந்த பிரஸ், அப்பாவுக்கு ஏன் வேண்டாம்

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் 9 எம்.எம். கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போகிறான். தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகவில்லையாம். வீட்டிலேயே நிரப்பிக்கொள்ள ஒரு புரோகிரசிவ் பிரஸ் (தோட்டா நிரப்பும் கைப்பிடி இயந்திரம்) வாங்க நினைக்கிறான். எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறான். இன்னொன்று. அப்பா காலத்து 12 போர் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு என்னிடம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது தன்னிடம் உள்ள பழைய சின்ன பிரஸ்ஸைக் கொண்டு வரட்டுமா என்கிறான். நானும் வீட்டில் தோட்டா நிரப்பிக்கொள்ளலாமா?

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மகன் பெட்டி கட்டுவதற்கு முன்னால் இது அவர் காதுக்குப் போயாக வேண்டும். அந்தப் பழைய பிரஸ்ஸைக் கொண்டு வரச் சொல்லாதீர்கள்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2-ஆம் பிரிவு, 'தோட்டா' என்றால் என்ன என்று விளக்குகிறது. நிரப்பி முடித்த தோட்டா மட்டும் என்று நாம் நினைப்போம். சட்டம் அப்படி நிறுத்தவில்லை. தோட்டாவின் பாகங்களையும், தோட்டா செய்யும் இயந்திரத்தையும் அதே சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. நம் கண்ணுக்கு வெறும் இரும்பு நெம்புகோலாகத் தெரிகிற பொருள், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கியதும் சட்டத்தின் கண்ணில் தோட்டா. அதை வெளிநாட்டில் இருந்து கொண்டு வர 10-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். தோட்டா தயாரிக்க 5-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். உங்கள் கையில் இருப்பது துப்பாக்கி வைத்துக்கொள்ளவும், அதில் எழுதியுள்ள எண்ணிக்கைக்குள் தோட்டா வாங்கவும் கொடுத்த லைசென்ஸ். அது தயாரிப்பு உரிமம் ஆகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தயாரித்தால் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். நாட்டுக்கு உழைத்து வந்த ஒருவர், நாலு தோட்டாவின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் அந்த வழியில் கால் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அவரிடம் இருக்கும் பிரஸ் உங்களுக்குப் பயன்படவும் செய்யாது. 9 எம்.எம். தோட்டாவின் வெளிக்கூடு பித்தளை. 12 போர் கூடு பிளாஸ்டிக் அல்லது அட்டை. அதற்குள் வெடிமருந்துப் பவுடர், வாட் (பவுடரையும் சில்லையும் பிரிக்கும் அடைப்பு), ஈயச் சில்லு என்று அடுக்கி, வாயை மடித்து மூட வேண்டும். அதற்கான பிரஸ்ஸே வேறு வகை. அமெரிக்காவில் மெக் என்ற நிறுவனம் அதற்கென்றே பிரஸ் செய்கிறது. உங்கள் தேவைக்கு, லைசென்ஸைக் காட்டி உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள். வேறு யோசனை வேண்டாம்.

இனி மகனுடைய விஷயம். அங்கே சட்டம் வேறு. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கத் தொடங்கினால்தான் உரிமம் எடுக்க வேண்டும். ஆனால் அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை அவருக்கு இல்லை. எச்-1பி என்றால், அந்த வகை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அந்நாட்டு மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அங்கேயும் பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து பவுடருக்குத் தீ மூட்டும் சிறு மூடி), பவுடர், கூடு, குண்டு எல்லாமே தோட்டா என்ற சொல்லுக்குள் வந்துவிடும். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. சக ஊழியர் கூப்பிட்டார் என்று சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போய்ப் பழகிவிடுகிறார்கள். எச்-1பியில் இருந்தால், பிரஸ் வாங்குவதற்கு முன் வேட்டை உரிமம் கையில் இருக்கிறதா, அதன் தேதி முடியவில்லையே என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அது சரியாக இருந்தால் பிரஸ்ஸைப் பற்றிப் பேசலாம். ஹூஸ்டனில் இருந்த வருடங்களில் என் கராஜில் பல ஆயிரம் தோட்டா நிரப்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சுட்ட கூட்டை மறுபடி தோட்டா ஆக்க ஐந்து வேலை இருக்கிறது. செத்த பிரைமரைத் தட்டிவிட்டு, ஊதிப்போன கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்குவது. புதுப் பிரைமர் வைப்பது. வாயைச் சற்று விரித்துப் பவுடர் விடுவது. குண்டை உட்கார வைப்பது. விரித்த வாயை மறுபடி ஒட்ட வைப்பது. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான் நடக்கும். நூறு கூட்டுக்கும் முதல் வேலையை முடித்து, டையை (அந்தந்த வேலையைச் செய்யும் அச்சை) மாற்றி, மறுபடி நூறுக்கும் அடுத்த வேலை. டரட் பிரஸ்ஸில் டைகள் தலையில் சுற்றும், கூடு அதே இடத்தில் நிற்கும். புரோகிரசிவ்வில் கூடுகளே வட்டத் தட்டில் நின்று இடம் மாறிக்கொண்டு போகும். தட்டு நிறைந்த பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா விழும்.

உங்கள் ஊரில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரைத் தினமும் பார்ப்பவர் நீங்கள். பாலை ஊற்றி உறைய வைத்த கட்டியை முதலில் வழவழ ரோலரில் விட்டு, பிறகு வரி ரோலரில் விடுவோம். கை ஒன்றுதான், வேலை இரண்டு. கண் ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். புரோகிரசிவ்வில் ஒரே இழுப்பில் நாலைந்து வேலை நடக்கும். கண்ணும் அத்தனை இடத்தில் இருக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்களுக்கு அங்கேதான் பிழை வருகிறது.

அதனால் மகனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாதம் எத்தனை சுடுகிறாய் என்பது. இருநூறு, முந்நூறு என்றால் புரோகிரசிவ் வேண்டாம். டரட்டிலேயே மணிக்கு நூற்றைம்பதுக்குக் குறையாமல் நிதானமாக வரும், இரண்டு மாலை போதும். ஆயிரத்தைத் தொட்டால் புரோகிரசிவ் நியாயமான செலவு. பணம் மிஞ்சும் என்று மட்டும் கணக்குப் போட வேண்டாம். 9 எம்.எம். கடைத் தோட்டாவே அங்கே மலிவான வகை. மிஞ்சுகிற காசுக்கு இன்னும் கூடுதலாகச் சுடுவார், அதுதான் நடக்கும். போட்டிக்காரருக்கு உண்மையான லாபம் வேறு. குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற சிறு எடை அலகிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்து, பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும் என்பது யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கத் துப்பாக்கி சுடும் அமைப்பின் போட்டியில், வேகம் குறைந்த தோட்டாவான மைனர் வகைக்கான விதி. அந்தக் கோட்டைக் கொஞ்சம் மட்டும் தாண்டி, கையை உதறாத மென்மையான தோட்டாவை அவரே தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, தட்டைக் கையால் சுற்றுவதா, தானாகச் சுற்றுவதா? டில்லன் 550-இல் நாலு நிலையம் (தட்டில் ஒவ்வொரு வேலையும் நடக்கும் இடம்), கையால் சுற்றுவது. மணிக்கு 400 முதல் 600 வரை வரும் என்று கம்பெனி சொல்கிறது. டில்லன் 750-உம் ஹார்னடி லாக்-என்-லோடும் ஐந்து நிலையம், தானாகச் சுற்றுபவை. லீ நிறுவனத்தின் சிக்ஸ் பேக் புரோ ஆறு நிலையம், விலை குறைவு. ஆனால் நுணுக்கமாகச் செட் செய்யப் பொறுமை வேண்டும். கையால் சுற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. போன் அடிக்கிறது, திரும்பிப் பார்க்கிறோம், தட்டைச் சுற்றினோமா என்று மறந்துபோகிறது. சுற்றாமல் இன்னொரு முறை இழுத்தால் ஒரே கூட்டில் இரண்டு மடங்கு பவுடர். 9 எம்.எம்.மில் பல பவுடர்கள் கூட்டில் பாதி கூட நிறையாத அளவுக்குத்தான் போடப்படும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது; அப்படியே உள்ளே மறைந்துகொள்ளும். சுடும்போது துப்பாக்கி கையில் வெடிக்கும்.

இதன் மறுபக்கத்தை நான் கண்ணால் பார்த்தேன். ரேஞ்சில் பக்கத்துத் தடத்தில் ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் 'டப்' என்று கேட்க, ஒன்று மட்டும் 'புஸ்' என்றது. பவுடர் இல்லாத தோட்டா; பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் பாதியில் தள்ளி நிறுத்திவிட்டது. அவர் ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடப் போனார். நான் கத்தினேன், ரேஞ்ச் அதிகாரி அவர் கையைப் பிடித்துவிட்டார். குழலில் கம்பியை விட்டுத் தட்டியதும் குண்டு வெளியே வந்து மேசையில் உருண்டது. அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் அந்தக் குழல் பிளந்திருக்கும். அவர் முகம் வெளுத்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் பேசவில்லை.

அன்றைக்கு என் மனதில் பதிந்தது நிலையங்களின் எண்ணிக்கை. ஐந்து நிலையம் இருந்தால், பவுடர் விட்டபின் குண்டு வைப்பதற்கு முன் ஒரு பவுடர் செக் டை மாட்டலாம். அளவு கூடினாலோ குறைந்தாலோ, டையைப் பொறுத்து, ஒலி எழுப்பும் அல்லது பிரஸ்ஸையே நிறுத்தும். நாலு நிலைய பிரஸ்ஸில் குண்டு வைப்பதையும் வாய் ஒட்டுவதையும் ஒரே டையில் செய்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும். உங்கள் மகன் ஒரே ஒரு வகைத் தோட்டாதான் நிரப்பப் போகிறார் என்பதால், ஐந்து நிலையம், தானாகச் சுற்றுவது, கூடவே பவுடர் செக் என்பதே என் தேர்வு. டில்லன் 750-க்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது; கையிருப்பு இடித்தால் ஹார்னடி. நாளைக்கு ரைஃபிள், வேறு கைத்துப்பாக்கி என்று அடிக்கடி வகை மாற்றுவார் என்றால் மட்டும் 550 பொருந்தும். அதில் வகை மாற்றும் பாகங்களுக்குச் செலவு குறைவு, மாற்றுவதும் சுலபம். ஆனால் எந்த பிரஸ் வாங்கினாலும் குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கண் போக வேண்டும். நான் பிரஸ்ஸுக்கு மேலே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு மாட்டியிருந்தேன், வெளிச்சம் நேராகக் கூட்டுக்குள் விழும்படி. கூட்டின் அடியில் பவுடர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது நூறு தோட்டாவிலேயே கண்ணுக்குப் பழகிவிடும்.

பழைய சிங்கிள் ஸ்டேஜை அவர் விற்க வேண்டாம். புது பவுடரில் முதல் இருபது தோட்டாவை அதில் செய்வது நல்லது. புரோகிரசிவ்விலும் முதல் நாள் தட்டு முழுக்கக் கூடு நிரப்ப வேண்டாம். ஒரே ஒரு கூட்டை வைத்து, அது ஒவ்வொரு நிலையமாகப் போய் வருவதைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரைமர் உட்காரும்போது கைப்பிடியில் ஒரு மெல்லிய தடை தெரியும். அந்த உணர்வு கைக்கு வந்தபிறகு வேகம் தானாக வரும். தடை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் பலம் கொடுத்து அமுக்கக் கூடாது. நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரைமர் அடிக்கு வெடிக்கிற பொருள், அதுவும் குழாயில் நூறு அடுக்கி நிற்கும். கண்ணாடி போடாமல் அந்த மேசை முன் உட்காரக் கூடாது.

மீதி எல்லாம் ஒழுங்கு சார்ந்தவை. மேசை மேல் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கலாம், அதுவும் கம்பெனி டப்பாவில். அளவுகளை அச்சிட்ட கையேட்டில் இருந்து எடுத்து, அதில் சொன்ன தொடக்க அளவில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். நண்பர் சொன்ன அளவு எதற்கும் உதவாது. தராசு தனியாக வாங்க வேண்டும், அதைச் சோதிக்க எடைக்கல்லோடு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஈயத் தூசு படியும் அந்த அறையில் சாப்பாடு கூடாது. வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

கடைசியாக, கிறிஸ்துமஸ் பயணத்துக்கு. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓரத்துத் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தாலும் நம் ஊர் விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியும். அங்கிருந்து காவல் நிலையம்தான். தெரியாமல் வந்தது என்று நீதிமன்றத்தில் சொல்லி வெளியே வரலாம், ஆனால் அவருடைய விடுமுறை அதிலேயே போய்விடும். இந்தப் பயணத்துக்குப் புதுப் பை ஒன்று வாங்கிக்கொள்ளட்டும்.