தளத்துல விரிசல் வராம இருக்க 12 எம்எம் கம்பி போடலாமா?

வாசகர் ஒருத்தர் கேக்கறார்: "வர்ற வாரம் தளம் கான்கிரீட், 5 இஞ்ச் கனம். மேஸ்திரி 8 எம்எம் கம்பிய நெருக்கமா கட்டலாம்ங்கறார். விரிசலே வரக்கூடாதுன்னு நான் 12 எம்எம் வாங்கி 1 அடிக்கு ஒண்ணா போடலாம்னு இருக்கேன், சரியா சார்?"

வேண்டாங்க, மேஸ்திரி சொல்றதுதான் சரி. கம்பி இருந்தா விரிசலே வராதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. கான்கிரீட் காயறப்ப சுருங்கும், சுத்தி பீம் பிடிச்சிட்டு இருக்கறதால எங்கயாவது விட்டுத்தான் ஆகணும், கம்பி என்ன பண்ணுதுன்னா ஒரே இடத்துல வாயப் பொளக்க வேண்டிய விரிசல பத்து இடத்துல முடி மாதிரி பிரிச்சு விட்டுடுது. சாதாரண இடத்துல 0.3 மில்லிமீட்டர் அகல விரிசல் வரைக்கும் ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்திய விதிமுறை கோட்) அனுமதிக்குது.

12 எம்எம் 1 அடிக்கு ஒண்ணு போடற அதே எடையில 8 எம்எம் சுமார் 5 இஞ்ச்சுக்கு ஒண்ணு போடலாம், கான்கிரீட்ட கவ்விப் பிடிக்கற மேற்பரப்பு ஒன்றரை மடங்கு. அதுவுமில்லாம பாரத்த தாங்கற மெயின் கம்பிக்கு 300 மில்லிமீட்டர்தான் அதிகபட்ச இடைவெளி, 1 அடின்னாலே தாண்டிடுது. மெயின் கம்பி இன்ஜினியர் டிராயிங்ல உள்ளபடியே இருக்கட்டும். அதுக்குக் குறுக்கா கட்டற டிஸ்ட்ரிபியூஷன் கம்பி தளத்தோட குறுக்குவெட்டுல 0.12 சதவீதம் இருந்தா போதும்னு கோட் சொல்லுது, 8 எம்எம் 13 இஞ்ச்சுக்கு ஒண்ணு போட்டாலே அது வந்துடும், ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு அது பத்தாதுன்னு நினைக்கறேன், 7 இஞ்ச்சுக்கு மேல விடாதீங்க.

கம்பி எவ்வளவுங்கறத விட எங்க இருக்குங்கறதுதான் எனக்கு பெரிய கவலை. ஒரு வீட்ல பீம் மேல நேர்கோடு போட்ட மாதிரி விரிசல், உடைச்சுப் பாத்தா மேலேர்ந்து முக்கா இஞ்ச்ல இருக்க வேண்டிய டாப் கம்பி 3 இஞ்ச் கீழ கிடக்குது, கான்கிரீட் போட்ட அன்னிக்கு சட்டி தூக்கறவங்க அது மேலயே மிதிச்சு நடந்திருக்காங்க. டாப் கம்பிக்கு அடியில 3 அடிக்கு ஒரு சேர் (கம்பிய வளைச்சு செஞ்ச முட்டு) வெச்சு கட்டுங்க, நடக்க பலகை போடுங்க, கீழ்க்கம்பிக்கு அடியில 20 எம்எம் கவர் பிளாக் (சின்ன சிமெண்ட் கட்டி) வைங்க, ஜல்லிக்கல்ல முட்டு வெக்க விடாதீங்க.

போட்ட கொஞ்ச நேரத்துலயே வர்ற விரிசல் வேற, அதுக்கு எந்தக் கம்பியும் உதவாது, வெயிலும் காத்தும் மேல்தண்ணிய உறிஞ்சறதால வர்றது. விடியக்காலைலயே ஆரம்பிங்க, மேல மினுமினுப்பு போனதும் பாலித்தீன் ஷீட் மூடுங்க, இறுகறதுக்கு முன்னாடி கோடு தெரிஞ்சா மட்டக்கட்டையால திரும்ப அழுத்தித் தேய்ச்சா மூடிக்கும். கலவை இறுக்கமா இருக்குன்னு தண்ணி ஊத்த மட்டும் விட்றாதீங்க, சுருக்கம் அங்கேர்ந்துதான் கூடுது. மறுநாள் பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க, பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட்னா முழுசா 14 நாள்.