‘ஒரு தடவைதானே?’ – வாசகர் கேள்விகளுக்கு மருத்துவக் குழுவின் பதில்கள்

கேள்வி: எனக்கு 16 வயது. நண்பர்கள் கஞ்சா புகைக்கிறார்கள். ‘செடிதானே, வேண்டாம்னா விட்டுடலாம்’ என்கிறார்கள். வருடக்கணக்காகப் புகைக்கும் பெரியவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

பதில்: தம்பி, வித்தியாசமே வயதில்தான் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைதான் ‘பொறு, யோசி’ என்று நிறுத்துகிற பகுதி. அது முழுமையடைய ஏறக்குறைய 25 வயதாகும். ஆசையைத் தூண்டும் பகுதியோ உன் வயதிலேயே முழு வேகத்தில் ஓடுகிறது. இந்த வருடங்களில் மூளை தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கழித்துவிட்டு, அடிக்கடி பயன்படுபவற்றை உறுதியாக்குகிறது. அதை ஒழுங்குபடுத்த மூளை தானே சுரக்கும் வேதிப்பொருள்கள் சில உண்டு. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி (THC) அவற்றுக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நினைவாற்றலும் கவனமும் முதலில் அடிவாங்குவது இதனால்தான்.

கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கியவர்களைப் பார்த்தால் 6 பேரில் ஒருவர். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால், கஞ்சாவால் அந்த நோய் வரும் ஆபத்தும் கூடும். அப்படிப்பட்டவர்கள் கிட்டவே போகக் கூடாது.

‘விட்டுடலாம்’ என்பதற்கு வருவோம். தினமும் புகைத்தவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் தூக்கம் கெடும், பசிக்காது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். முதல் வாரத்தில் இது உச்சத்துக்குப் போகும். ‘புகைத்தால்தான் தூக்கம் வருது, அப்போ அது எனக்கு மருந்து’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அந்தத் தூக்கமின்மையைக் கொண்டுவந்ததே கஞ்சா.

மறுக்கும்போது காரணம் சொல்லாதே. காரணம் சொன்னால் அது வாதமாகும், வாதத்தில் கூட்டம் ஜெயிக்கும். ‘வேணாம்டா, கிளம்புறேன்’ என்று சொல்லிவிட்டு உடனே எழுந்துவிடு. வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே ஒரு ரகசியச் சொல் பேசிவைத்துக்கொள். அதைச் செய்தியாக அனுப்பினால் அவர் உன்னை அழைத்து ‘உடனே வீட்டுக்கு வா’ என்று சொல்லட்டும். அந்த நேரத்தில் அவர் உன்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கேள்வி: என் 14 வயது மகனின் கைக்குட்டையில் பஞ்சர் பசை வாசனை வருகிறது. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. நேரில் பிடித்தால் என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்த அறிக்கையை நம்பி இருந்துவிடாதீர்கள். பசை, தின்னர், ஒயிட்னர் போன்றவற்றின் ஆவி வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது. வாய், மூக்கைச் சுற்றிச் சிவந்த தடிப்பு, குழறும் பேச்சு, தள்ளாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரில் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். இந்த ஆவி இதயத்தை, பயத்தில் உடல் சுரக்கும் அட்ரினலினுக்கு அளவுக்கு மீறி உணர்ச்சியுள்ளதாக்கிவிடும். திடீர்ப் பயமோ ஓட்டமோ போதும், இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். முதல் தடவை முகர்ந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். அமைதியாகப் பேசி உட்கார வையுங்கள். பசையை வாங்கி அப்புறப்படுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், அருகில் நெருப்பு பற்றவைக்காதீர்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். கண்டிப்பதானாலும் கேட்பதானாலும் மறுநாள், அவன் தெளிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. ‘வலி மாத்திரை, இருமல் மருந்து எல்லாம் டாக்டர் எழுதிக்கொடுப்பதுதானே’ என்கிறார்கள் மாணவர்கள். என்ன சொல்வது?

பதில்: மூச்சைப் பற்றிச் சொல்லுங்கள் டீச்சர். கடுமையான வலிக்குத் தரும் ஓபியாய்டு (அபினி போல் செயல்படும்) மாத்திரைகள் மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் மையத்தையும் மந்தமாக்குகின்றன. போதை சீக்கிரம் பழகிப்போகும். அதனால் அளவைக் கூட்டுவார்கள். மூச்சு மையம் அந்த வேகத்தில் பழகுவதில்லை. மதுவோ தூக்கமாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். சில இருமல் மருந்துகளிலுள்ள கோடீனைக் கல்லீரல் மார்ஃபின் என்ற வீரியமான ஓபியாய்டாக மாற்றுகிறது. அந்த வேகம் பரம்பரையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். நண்பன் தாங்கிய அளவு இவனுக்கு ஆபத்தாகலாம். சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே எடுப்பவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி, நீலம் பாரித்த உதடு, குறட்டை போல் இழுக்கும் மூச்சு, தட்டினாலும் விழிக்காதது: இவற்றைக் கண்டால் ‘தூங்கட்டும்’ என்று விடக் கூடாது. வாந்தி எடுக்கவும் வைக்கக் கூடாது. என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஓபியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் என்ற மருந்து மூச்சை மீட்கும். ஆனால் அது 30 முதல் 90 நிமிடம் வரைதான் வேலை செய்யும், ஆகவே மருத்துவமனைக் கண்காணிப்பு கட்டாயம்.

தூக்கமாத்திரைக்குப் பழகிய மாணவர் யாராவது இருந்தால், ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இன்னொன்றையும் சொல்லுங்கள்: மீதமுள்ள மாத்திரைகளை எண்ணி, பூட்டிவைக்கட்டும்.