வாசகர் கேள்வி: பீச்சில் இருந்து சிறுகோள் தெரியுமா?

கேள்வி: சிறுகோள் என்றால் வெறும் பாறைதானா? சில்வர் பீச்சில் இருந்து பார்த்தால் ஒன்றாவது தெரியுமா என்று ஆறாவது படிக்கும் என் மகள் கேட்கிறாள்.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மகளுக்கு காஸ்ப்ராவைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா. எனக்கு மிகவும் பிடித்த சிறுகோள் அது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்கள் கூட்டமாகச் சுற்றும் பட்டையில், உள்பக்கமாகச் சுற்றுகிறது. சிலிக்கேட் எனும் பாறைக் கனிமங்களும் கொஞ்சம் இரும்பும் கலந்த கல். நீளம் சுமார் 18 கி.மீ. நீங்கள் புதுச்சேரிக்கு பஸ் ஏறினால், ஊர் வருவதற்குள் காஸ்ப்ரா முடிந்துவிடும்!

1991 அக்டோபர் 29 அன்று, வியாழனை நோக்கிப் போன கலிலியோ விண்கலம் அதை 1,600 கி.மீ. தொலைவில் கடந்தது. ஒரு சிறுகோளை விண்கலம் அருகில் பார்த்தது அதுவே முதல் முறை. குடை போல விரிய வேண்டிய ஆன்டெனா சரியாக விரியாததால், எல்லாப் படங்களும் வந்து சேர மறுவருடம் ஆனது. கோணல்மாணலான கிழங்கு மாதிரி, மேலெல்லாம் குழிகள். புதுச்சேரியில் ஒரு நூலகத்தில் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நான் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

சரி, பீச்சுக்கு வருவோம். காஸ்ப்ரா பைனாகுலருக்கும் சிக்காது. வெஸ்டா என்ற பெரிய சிறுகோள், பூமிக்கு அருகே வரும் நாட்களில் சிக்கும். விளக்குகளை விட்டுத் தள்ளிப்போய், நிலா இல்லாத இரவில் பாருங்கள். நட்சத்திரம் போலத்தான் இருக்கும். ரெண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் இடம் மாறியிருக்கும்.